ரிமோட்டைப் பிடித்த சனி



தேவிபட்டினம் போயிருக்கிறீர்களா? ராமநாதபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். தொண்டி, உப்பூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தாலும் வழியிலேயே இருக்கும் ஊர்தான். கரையிலிருந்து கொஞ்சதூரம் நடந்தால், கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும். நவபாஷாணம் என்பார்கள். இலங்கைக்குப் புறப்படுமுன் ராமர் உப்பூரில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, இங்கே வந்து ஒன்பது கோள்களையும் கல்லாக நட்டு வழிபட்டார் என்பது தலவரலாறு. அதனால் ஏழரைச் சனி, அஷ்டமச் சனி என்று ஜோசியர் சொல்லிவிட்டால், நம் குடும்பங்கள் நவதானியப் பொட்டலத்தோடு இங்கே வந்து நிற்கும்.

தண்ணீருக்குள் இறங்கி அந்தக் கற்களைச் சுற்றுகிறவர்களின் பேச்சைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவரும் 'சனி' என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். சனீஸ்வரர் என்பார்கள், சனி பகவான் என்பார்கள். குரலே தணிந்துவிடும். கூட வந்த சின்னப் பிள்ளை வாய் தவறி ஏதாவது சொன்னால், பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்வார்.

சுற்றி முடித்து, ஈரத்துணி மாற்றி, ஊர் திரும்ப வேனில் ஏறுவார்கள். வேன் கிளம்பாது. "இந்தச் சனியன் புடிச்ச வண்டிய யாருடா பேசி விட்டது?" என்று அதே வாய் கேட்கும். வீடு வந்து சேர்ந்து டிவி ரிமோட்டைக் காணவில்லை என்றால், "அந்தச் சனியன் எங்க போய்த் தொலைஞ்சுச்சு?" என்பார்கள். காலையில் யாரிடமிருந்து விடுதலை கேட்டோமோ, அவரைச் சாயங்காலம் சோபாவுக்கு அடியில் தேடுகிறோம்!

இதில் பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டு இடத்திலும் சொல்வது உண்மைதான். அங்கே சொன்னது கிரகத்தின் பெயர், இங்கே சொன்னது வெறும் எரிச்சல். பேசிப் பேசி ஒரு சொல் இரண்டாகப் பிளந்துபோய், இரண்டும் நம் வீட்டிலேயே குடியிருக்கின்றன. இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

அதே தேவிபட்டினம் கரையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் நெரியும். பெற்றவர்களுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள். கர்மம் என்ற வடமொழிச் சொல்தான் நம் வாயில் கருமம் ஆனது. முதலில் செயல், கடமை என்றுதான் அதற்குப் பொருள். பிறகு இறந்தவர்களுக்குச் செய்யும் கடனுக்கும் அதுவே பெயராயிற்று. இன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் "கருமம், கருமம்!" பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் கூடினாலும் அதுதான். எழவு என்பது சாவு வீட்டுச் சொல். ஊரில் ஓர் எழவு விழுந்தால் கடைத்தெருவே அடங்கிப் போகும். ஆனால் "என்ன எழவோ தெரியல, போன்ல சார்ஜே ஏற மாட்டேங்குது" என்றால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

மூதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த தேவி. ஜேஷ்டா தேவி என்று பல்லவர் காலக் கோயில்களில் அவளுக்குச் சிலை இருக்கிறது. தவ்வை என்பது பழைய தமிழ்ப் பெயர். காக்கைக் கொடியோடு, மகனும் மகளும் இரு பக்கம் இருக்க உட்கார்ந்திருப்பாள். கும்பிட்டு வாழ்ந்த தெய்வம். காலை எட்டு மணி வரைக்கும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையை எழுப்ப, நாம் அந்தத் தெய்வத்தின் பெயரைச் சொல்லித்தான் கத்துகிறோம்.

சென்னைவாசிகள் கோபத்தில் சொல்லும் 'கஸ்மாலம்' எங்கிருந்து வந்தது தெரியுமா? அழுக்கு, மனக்கலக்கம் என்ற பொருளில் வரும் வடமொழிச் சொல் கஸ்மலம். பகவத் கீதை இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணர் அர்ஜுனனிடம் பேசத் தொடங்கும்போதே வருகிறது. குருக்ஷேத்திரத்தில் தேரில் நின்று சொன்ன சொல், ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு நடந்தே வந்திருக்கிறது. 'பேமானி' பாரசீக, உருதுவழி வந்தது. நேர்மை இல்லாதவன் என்பது அதன் பொருள். எந்தச் சொல் எந்தத் தெருவில் போய் நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நவபாஷாணம் என்ற பெயரே ஒரு வேடிக்கை. வடமொழியில் பாஷாணம் என்றால் கல். தேவிபட்டினத்தில் அது ஒன்பது கல். தமிழ்ப் பேச்சில் பாஷாணம் என்றால் விஷம். பழனி முருகனை ஒன்பது வகைப் பாஷாணத்தால் போகர் செய்தார் என்பார்களே, அங்கே அது ஒன்பது விஷம். அங்கே போகிறவர்களும் இங்கே வருகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். யாருக்கும் குழப்பமே வந்ததில்லை.

திட்டும் சொல்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பாராட்டும் சொல் அதைவிட வேகமாகத் தேய்கிறது.

'பிரமாதம்' என்கிறோம். வடமொழியில் பிரமாதம் என்றால் கவனக்குறைவு, பெரிய தவறு. அங்கிருந்து எப்படியோ கச்சேரி மேடைக்கு வந்து 'ஓகோ' என்ற பொருளில் உட்கார்ந்துவிட்டது. 'அருமை' என்றால் எளிதில் கிடைக்காதது. தினமும் வைக்கிற சாம்பாரை "அருமை" என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். பயங்கரம் என்ற பொருளில் பிறந்த 'டெரிஃபிக்' இப்போது பாராட்டு. 'நைஸ்' என்ற சொல்லுக்கு இடைக்கால ஆங்கிலத்தில் முட்டாள் என்றுதான் பொருள். அது நம் ஊருக்கு வந்ததும் என்ன ஆனது? இட்லி மாவை நைஸாக அரைக்கிறோம். வேலை சொன்னால் பையன் நைஸாக நழுவிவிடுகிறான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்களே நம் கிரைண்டர் பக்கம் வந்து பார்த்தால் நல்லது. அவர்கள் 2016-ல் நம்முடைய 'ஐயோ'வைத் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் 'அண்ணா'வையும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். என் தலைமுறைக்கு 'சூப்பர்' போதுமானதாக இருந்தது. பிறகு 'தூள்' வந்தது. 'தில்' என்றால் இந்தியில் இதயம், தமிழில் துணிச்சல் ஆகிவிட்டது. 'கில்லி' தெருவில் குச்சியை அடித்து விளையாடும் விளையாட்டு. 2004-ல் அந்தப் பெயரில் படம் வந்த பிறகு, எதிலும் கெட்டிக்காரன் என்று அர்த்தம். செம, மாஸ், தெறி, மெர்சல், கெத்து, வேற லெவல், வெறித்தனம். அதுவும் போதாமல் 'மரண மாஸ்'. பாராட்டைத் தூக்கி நிறுத்த மரணத்தைக் கூப்பிட வேண்டிய அளவுக்கு மற்ற சொற்கள் மெலிந்துவிட்டன என்பதுதானே இதற்கு அர்த்தம்?

இந்தச் சொற்கள் அரசாங்கத்தையும் படுத்தியிருக்கின்றன. படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006-ல் தமிழக அரசு அறிவித்தது. 2015-ல் 'மாஸ்' என்று பெயர் வைத்த படம், வெளியாகும் சமயத்தில் 'மாசு என்கிற மாசிலாமணி' ஆனது. மறு வருடம் 'கெத்து' என்ற படத்தின் பெயர் தமிழ்ச் சொல்லா இல்லையா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போயிற்று. பஸ் ஸ்டாண்டில் பையன்கள் அன்றாடம் புழங்கும் ஒரு சொல்லுக்காக வக்கீல்கள் அகராதியைப் புரட்டினார்கள். தமிழுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா!

இதற்காகச் சினிமாவின் மேல் பழியைத் தூக்கிப் போடவும் மாட்டேன். மதுரை, ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு தமிழ்நாடு முழுக்கப் பரவியதில் நடிகர் வடிவேலுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அலப்பறை, லந்து, அம்புட்டு, இம்புட்டு எல்லாம் அப்படித்தான் கோயம்புத்தூர்க்காரர் வாய்க்கும் போயின. எங்கள் பக்கத்துப் பேச்சை மற்றவர்கள் ஆசையாகப் பேசினால் கசக்குமா?

எனக்கு இருக்கும் குறை வேறு. ஓர் அம்மா காலையில் ஏலத்தில் மீன் வாங்கி வந்து, ஆய்ந்து, மசாலா அரைத்து, காரல் குழம்பு வைக்கிறார். மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "செம மா" என்கிறான். முந்தின நாள் உப்புமாவுக்கும் அதே "செம"தான். அடுத்த வீட்டு நாய்க்குட்டியின் வீடியோவுக்கும் "செம". அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? புளி சரியாக இருந்ததா? காரம் போதுமா? பிள்ளை உண்மையிலேயே ருசித்தானா?

பழைய பாட்டிகள் இப்படிப் பாராட்டவே மாட்டார்கள். "புளி ஒரு பொட்டுத் தூக்கல்தான். ஆனா நாளைக்கு இந்தக் குழம்பு இன்னும் நல்லாருக்கும் பாரு" என்பார்கள். கேட்கிறபோது குற்றம் சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் சாப்பிட்டவர் நாக்கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார் என்பது சமைத்தவருக்குத் தெரியும். அந்தச் சந்தோஷத்தை எந்த மரண மாஸும் கொடுக்காது.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பையும் பாருங்கள். ஒருவர் மறைந்த செய்தி வந்தால் முதலில் ஒருவர் "ஆழ்ந்த இரங்கல்" என்று போடுவார். அதையே கீழே முப்பது பேர் நகல் எடுத்துப் போடுவார்கள். அதில் பாதிப்பேர் இறந்தவரின் மனைவிக்கு ஒரு போன் போட்டிருக்க மாட்டார்கள். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆள் போகவில்லை.

உறவுச் சொற்கள் இன்னும் சுவாரசியம். நம் பக்கத்தில் மச்சான் என்றால் யார்? அத்தை மகன், மாமன் மகன், அக்காள் புருஷன். முஸ்லிம் வீடுகளில் மனைவி கணவரை அழைப்பதே "மச்சான்" என்றுதான். உரிமையும் வெட்கமும் கலந்த சொல். அதுவே கல்லூரி வாசலில் மச்சி, மச்சா ஆயிற்று. பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போனால், சிங்கள இளைஞர்களும் நண்பனை "மச்சான்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரில் 2008-ல் இலங்கையில் ஒரு படமே எடுத்தார் உபர்த்தோ பசோலினி என்ற இத்தாலிய இயக்குநர். அத்தனை சண்டை நடந்த தீவில், இரண்டு பக்கமும் பொதுவாக இருந்த சொல் அது என்று நினைத்தால் கொஞ்சம் நெகிழ்ச்சியாகவும் இருக்கிறது.

பங்காளியும் அப்படித்தான். சொத்துப் பங்கு கேட்கிறவன் என்பதால் முன்பெல்லாம் அந்தச் சொல்லிலேயே ஒரு முறைப்பு இருக்கும். இப்போது டீக்கடையில் "பங்காளி, ரெண்டு டீ சொல்லு" என்கிறார்கள். பகை நட்பாக மாறிய சொல் இது. எனக்கு இதில் சந்தோஷம்தான்.

'டா' என்ன ஆயிற்று என்று கவனித்தீர்களா? பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் "வாடா, போடா" என்கிறார்கள். அம்மாக்களே மகளை "என்னடா தங்கம்" என்று கொஞ்சுகிறார்கள். 'டி' கொஞ்சம் கடுமையாகப் படுகிறதாம், 'டா'வில்தான் செல்லம் இருக்கிறதாம். பெரியவர்களுக்கு முதலில் காது கூசியது. இப்போது பழகிவிட்டது.

ஆனால் 'ப்ரோ' விஷயத்தில் என்னால் சமாதானம் ஆக முடியவில்லை. ஆட்டோக்காரர் ப்ரோ, டெலிவரிப் பையன் ப்ரோ, அப்பா ப்ரோ, சில வீடுகளில் அம்மாவே ப்ரோ. ராமநாதபுரம் பக்கம் எத்தனை உறவுச் சொல் புழங்கிய இடம்! ஒரு தெருவில் 'அத்தா' என்றால் அப்பா. அடுத்த தெருவில் 'ஆத்தா' என்றால் அம்மா. கீழக்கரையில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள், அக்காவை 'லாத்தா' என்பார்கள். வெளியூர்க்காரருக்கு, ஆளைப் புகழ்ந்து காரியம் சாதிப்பதுதான் 'காக்கா பிடிப்பது'. கீழக்கரையில் காக்காவைப் பிடித்தால் அண்ணன் கையைப் பிடித்ததாகத்தான் ஆகும். "நல்லாருக்கீகளா?", "அவுக வந்தாகளா?" என்று முன்பின் தெரியாதவரையும் மரியாதையோடு விசாரிக்கிற பேச்சு எங்களுடையது. இத்தனையையும் கழுவித் துடைத்துவிட்டு ஒரே ஒரு 'ப்ரோ' வந்து உட்கார்ந்தால், வயசு தெரிவதில்லை, முறை தெரிவதில்லை, ஊரும் தெரிவதில்லை. சௌகரியம் என்கிறார்கள் பிள்ளைகள். இருக்கலாம். எனக்கென்னவோ வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை எடுத்த மாதிரிதான் படுகிறது.

நகரத்தில் பொருள் மாறிப்போன சொற்கள், கடற்கரை வீடுகளில் இன்னும் பழைய பொருளோடு இருப்பதும் உண்டு. சென்னையிலிருந்து வந்த பேரன் முன்னால் தாத்தா, "வாடை அடிக்க ஆரம்பிச்சிருச்சு" என்றால் அவன் மூக்கைப் பொத்திக்கொள்வான். அவனுக்கு வாடை என்றால் கருவாட்டு வாடை. தாத்தா சொன்னது வடக்கிலிருந்து வரும் காற்றை. கொண்டல் கிழக்கே இருந்து வருவது, கச்சான் மேற்கே இருந்து, சோழகம் தெற்கே இருந்து. கடலுக்குப் போகலாமா, வள்ளத்தை இழுத்துக் கட்டிவிடலாமா என்பதை அந்த நாலு சொல்லை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நாம் "பெரும்பாடு பட்டேன்" என்றால் கஷ்டம். கரையில் "இன்னைக்கு நல்ல பாடு" என்றால் வலை நிறைய மீன். ஒரு வீட்டில் அழுகைக்கு உள்ள சொல் இன்னொரு வீட்டில் அடுப்பெரிகிற சேதி!

பத்திரிகைக்காரர்களாகிய எங்களையும் விடக் கூடாது. எந்தத் திருடன் தப்பினாலும் போலீசார் "வலைவீசித் தேடி வருகின்றனர்" என்று எழுதுவோம். உண்மையிலேயே வலை வீசுகிறவர்கள் இதைப் படித்து எவ்வளவு சிரித்திருப்பார்களோ. நடிகர் புயல், பாடகர் புயல், வசூல் சுனாமி என்றும் எழுதுகிறோம். இந்தக் கரையில் புயல் என்றால் 1964 டிசம்பர். பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன ராத்திரி. தனுஷ்கோடி இன்றைக்கும் எழவில்லை. சுனாமி என்றால் நாகப்பட்டினத்திலும் கன்னியாகுமரியிலும் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு திரும்பி வராத பிள்ளைகள். "எங்க வீட்டுல நேத்து ஒரே சுனாமிதான், மாமியார் வந்திருந்தாங்க" என்று ஒருவர் சிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர் என்று பார்த்துக்கொண்டால் நல்லதில்லையா?

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வேடிக்கை. சொல் என்றால் மாறத்தான் செய்யும். ஒரு காலத்தில் 'நாற்றம்' என்றால் நறுமணம். அதை மீட்டெடுக்க இன்று யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பிள்ளைகள் 'க்ரிஞ்ச்' என்றோ 'பூமர்' என்றோ நம்மைச் சொன்னாலும் பரவாயில்லை. நாம் நம் பெரியவர்களைப் 'பழம்' என்று சொன்னவர்கள்தானே.

ஆனால் இரண்டு வகைச் சொற்களில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, ஒருவரின் பிறப்பையும் உடலையும் மனத்தையும் வசவாக்குவது. ஆங்கிலேயர் நம்மிடம் எடுத்துப்போன கட்டுமரம் என்ற சொல், அவர்கள் நாட்டில் இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகாகிவிட்டது. பரவாயில்லை. ஆனால் பறையர் என்ற ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து, ஊர் ஒதுக்கியவன் என்ற பொருளில் 'பரையா' என்று உலகம் முழுக்கப் பரப்பினார்கள். இன்றும் ஆங்கிலச் செய்தித்தாளில் கூசாமல் எழுதுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயரில் இழிவை ஏற்றி வைத்தவர்கள் நாம்தான்.

ஒன்பது கல்லைச் சுற்றிவிட்டு வருகிறோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கையைப் பார்த்ததும் அதே 'ஒன்பது' கேலியாகி விடுகிறது. 2008-ல் இந்தியாவிலேயே முதலில் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. 'திருநங்கை' என்ற அழகான சொல்லும் நம்மிடம் இருக்கிறது. அதைச் சொல்ல நாக்குக்கு என்ன கஷ்டம்?

வீட்டில் நாம் அதிகம் சொல்வது எது என்று யோசித்துப் பாருங்கள். "மென்டல்", "லூசு". பாடப்புத்தகத்தை மறந்த பிள்ளை லூசு. சாவியை மாற்றி வைத்த கணவர் மென்டல். கொஞ்சம் கூடுதலாகப் போனால் சென்னைப் பக்கம் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். 1794-ல் தொடங்கி இன்றுவரை நோயாளிகளைப் பார்த்துவரும் ஒரு மருத்துவமனையை, ஒரு பேட்டையின் பெயராலேயே கேலிப்பொருளாக்கிவிட்டோம். நம் பக்கத்தில் அதே இடத்தில் நிற்கும் பெயர் ஏர்வாடி.

ஏர்வாடி இதே ராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரையைத் தாண்டினால் வந்துவிடும். தர்காவில் மனநோய் தீரும் என்று நம்பி, சாதி மதம் பார்க்காமல் தமிழ்நாடு, கேரளம் என்று பல இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து தங்கும் ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மனநலச் சட்டம் 2017-ல் புதிதாக வந்தபோது, எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று அதில் தனியாகவே எழுதினார்கள்.

சட்டத்தில் சங்கிலி போயிற்று. "உன்னை ஏர்வாடியிலதான் கொண்டுபோய் விடணும்" என்ற பேச்சு மட்டும் போகவில்லை. விளையாட்டுக்குத்தான் சொல்கிறோம், தெரியும். ஆனால் அந்த வீட்டிலேயே ஒருவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லாமல் மனம் அலைபாய்ந்துகொண்டிருந்தால்? டாக்டரிடம் போகலாமா என்று கேட்க அவர் வாயைத் திறப்பாரா? டாக்டரிடம் போனால் அவருக்கு என்ன பெயர் கிடைக்கும் என்பதை நாம்தான் தினமும் நாலு தடவை சொல்லிக் காட்டுகிறோமே.

இரண்டாவது வகை, இதற்கு நேர் எதிர்ப்பக்கம். வலியைச் சொல்லும் சொல்லை வலியில்லாதபோது சொல்வது. கிரிக்கெட்டில் நம் அணி தோற்றால் "டிப்ரஷன் ஆயிட்டேன்டா". சீரியலில் நாயகி அழுதால் "ட்ராமா". கரண்ட் போனால் "டென்ஷன்". கணக்குப் பரீட்சை கஷ்டமாக இருந்தால் "செத்தேன்". "பேசாம செத்துரலாம் போல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பெரியவர்களும் சளைத்தவர்கள் அல்ல. "என்னைக் கொன்னு போட்டுருங்க" என்று தினம் ஒரு முறையாவது சொல்லாத அம்மாவை எனக்குக் காட்டுங்கள்.

தினமும் கேட்பதால் காது அதை வடிகட்டிவிடுகிறது. ஒருநாள் அதே சொல்லை அதே பிள்ளை நிஜமாகவே சொன்னால் நமக்கு எப்படித் தெரியும்? அவனிடம் வேறு சொல் இல்லை. இருந்த ஒன்றையும் கிரிக்கெட்டுக்கும் கரண்டுக்கும் செலவழித்துவிட்டான். நம்மிடமும் வேறு பதில் இல்லை. "சும்மா சீன் போடாத" என்றுதான் பழகியிருக்கிறோம். சில்லறைச் செலவுக்கெல்லாம் தாலிக்கொடியை அடகு வைத்தவர்களுக்கு, ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது கழுத்தில் என்ன இருக்கும்?

அதற்காக வீட்டில் பேச்சுக்குத் தணிக்கை வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. "இனிமேல் யாரும் 'செம' சொல்லக் கூடாது" என்று அப்பா சட்டம் போட்டால், அந்த வீட்டில் 'செம' இன்னும் பத்து வருடம் வாழும். பிள்ளை "டிப்ரஷன்" என்றால் திட்டாமல், "எப்ப இருந்துடா? ராத்திரி தூக்கம் வருதா? சோறு இறங்குதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். விளையாட்டுக்குச் சொன்னவன் "ஐயோ அம்மா, மேட்ச் போச்சும்மா" என்று சிரிப்பான். மற்றவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டான். அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 முதல் செயல்படும் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். காஸ் புக் பண்ணும் நம்பரை எழுதி வைத்திருக்கும் இடத்தில் இதையும் எழுதி வையுங்கள்.

அப்படியே குழம்பையும் ஒரு நாள் சரியாகப் பாராட்டிப் பாருங்கள். "மிளகு இன்னைக்குத் தூக்கலா இருந்துச்சு, தொண்டைக்கு இதமா இருந்துச்சு" என்று சொல்லிப் பாருங்கள். சமைத்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இந்த இதழோடு புதிதாக ஒரு பக்கம் தொடங்குகிறோம். 'எங்க வீட்டுச் சொல்' என்று பெயர். உங்கள் பாட்டி சொன்ன, இன்று நீங்கள் மட்டும் புரிந்துகொள்கிற ஒரு சொல்லை எழுதி அனுப்புங்கள். காற்றின் பெயராக இருக்கலாம், மீனின் பெயராக இருக்கலாம், செல்லமாகத் திட்டும் சொல்லாகக்கூட இருக்கலாம். பிள்ளைகள் சொல்லும் புதுச் சொல்லும் வரட்டும், அதற்கும் இடம் உண்டு. அவர்களிடமே பொருள் கேட்டு எழுதுங்கள். போஸ்ட் கார்டு போதும். ஊர்ப் பெயரை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.